நடுவில் ஒன்பது சதுரம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, காதிரைச்சல் குறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கத்த வராது. நீங்கள் ஏன் எழுதவில்லை என்று தெரியும். உங்களுக்காகக் காத்திருக்காமல் அவரை எடுத்துவிட்டோம். அந்தக் கோபத்தைப் பற்றி இப்போது நான் எதுவும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன்.

அவருடைய சட்டைகள் பதினான்கு இருக்கின்றன. மரச்சாமான் பாலிஷ் பட்டறையில் வேலைக்குப் போட்டுக்கொண்ட கறைச் சட்டைகள் இதில் சேராது, வெளியே போட்டவை மட்டும். "யாருக்காவது குடுத்துடும்மா, பாத்துப் பாத்து அழுதுக்கிட்டு இருக்காத" என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கொடுக்கவும் மனம் இல்லை, அலமாரியைத் திறக்கவும் தைரியம் இல்லை. அவற்றை வெட்டி ஓர் ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று தோன்றியது. நீங்கள் இருபத்தாறு வருடமாகப் போர்வைக் கம்பெனியில் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது பொத்தான் தைப்பது மட்டும். அதையும் நான் அந்தப் பக்கம் போனதும் அவர் பிரித்துவிட்டுத் தானே தைத்துக்கொள்வார்.

எனக்குச் சொல்லிக்கொடுப்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 27

தம்பி மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். முட்டி அப்படியேதான் இருக்கிறது.

பழைய சட்டைத் துணி என்றால் முதல் வேலை துவைப்பது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுடுதண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு ஊறவை. சாயம் விடுகிறதா பார். விட்டால் விடாத வரைக்கும் அலசு. துவைக்காத துணி ஒன்று உள்ளே போனாலும் பிற்பாடு அது சுருங்கி அக்கம்பக்கத்துத் துணியை இழுக்கும், தன் சாயத்தையும் அதன்மேல் ஏற்றும். ஒரு துண்டு மொத்தப் போர்வையையும் கெடுத்துவிடும். எங்கள் தையல் கூடத்தில் முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். இதைக் கேட்காதவர்களுக்கு இரண்டாம் நாள் கிடையாது.

துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடு. பிறகு இரண்டு துண்டைச் சேர்த்துக் கையால் தைத்து எனக்கு அனுப்பு. தையல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.

வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் பதில் எழுதியதே எனக்குப் பெரிய விஷயம். தபால்காரர் முன்னாலேயே உறையைக் கிழித்துவிட்டேன். "நல்ல சேதியாம்மா?" என்றார். "உப்புப் போட்டுத் துவைக்கணுமாம்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துவைத்தேன். கொடியில் பதின்மூன்று சட்டைகளும் வரிசையாகக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு காற்றில் ஆடின. பதின்மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெளியே வந்தேன்.

இரண்டு துண்டு தைத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நேராகத்தான் தைத்தேன். ஊசிதான் வளைந்து வளைந்து போயிற்று.

உங்கள் அன்பில்,
தம்பி மனைவி


மார்ச் 20

கோணலுக்கு,

இனிமேல் உன் பெயர் இதுதான். அந்த இரண்டு துண்டையும் எங்கள் மேஜையில் வைத்தேன். சுற்றி இருந்த எட்டுப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். "இது தையலா, எறும்பு ஊர்ந்த தடமா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குக் காது கேட்காதென்றுதான் மெதுவாகக் கேட்டாள். உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பரவாயில்லை. கை திருந்தும். கெட்டி அட்டையில் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள். துணியின்மேல் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு வெட்டு. விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தை. ஒரு பக்கத்துக்கு ஒன்பது, இன்னொரு பக்கத்துக்குப் பதினொன்று என்று அடுக்கினால் ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கும் போர்வை வரும். காலர், கைப்பட்டை, பொத்தான் வரிசை எல்லாம் தடித்த துணி, ஊசி இறங்காது. எதற்கும் ஆகாது. தூக்கிப் போட்டுவிடு. அதை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோணல் வணக்கம் சொல்கிறாள். இங்கே எல்லாம் நல்லபடி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது.

உங்கள் பேச்சைக் கேட்டு அட்டை வெட்டினேன். அதை வைத்து முதல் சதுரம் வெட்டினேன். அப்புறம் அட்டை எங்கேயோ போய்விட்டது. சரி, வெட்டிய துணி இருக்கிறதே என்று அதை வைத்து அடுத்ததை வெட்டினேன். அதை வைத்து அதற்கடுத்தது. இப்படியே அறுபது. நேற்று முதலாவதையும் அறுபதாவதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டின் தடிமன் அளவு வளர்ந்து, கடைசிச் சதுரம் முதலாவதைவிட விரல் அகலம் பெரியதாக நிற்கிறது. உட்கார்ந்து சிரித்தேன். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் என் சிரிப்பு எனக்கே கேட்டது. உடனே அழுகை வந்துவிட்டது. இதை முதலில் யாரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியுமே.

பல் டாக்டர் கிளினிக்கில் பெயர் எழுதும் வேலை எனக்கு இன்னும் இருக்கிறது. கூட்டம் இல்லாதபோது அங்கேயும் தைக்கிறேன். கன்னம் வீங்கின ஒரு பெரியவர், வாயைத் திறக்க முடியாமல், சைகையாலேயே 'கோணலாகப் போகிறது' என்று காட்டினார். ஊருக்கே தெரிந்துவிட்டது அக்கா.

அறுபதையும் மறுபடி வெட்டவா?

உங்கள் கோணல்


ஏப்ரல் 24

என் அருமைக் கோணலுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு என் குரலே கேட்காதல்லவா, மெஷின் சத்தத்தையும் மீறிப் படித்திருக்கிறேன் போல. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

பெரிய துண்டுகளை அட்டை வைத்து ஓரம் கழித்தால் போதும். புதிதாக வெட்ட வேண்டாம். துணியைப் பார்த்துத் துணி வெட்டாதே. அட்டையை மட்டும் நம்பு.

அவனும் இப்படித்தான். சொன்னதைக் கேட்க மாட்டான். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். அவனைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு மூன்று. முதுகுக்குச் சோப்புப் போட்டுவிட்டுத் தண்ணீர் மொள்ளத் திரும்புவேன். அதற்குள் நுரையோடு தெருவுக்கு ஓடிவிடுவான். பிடித்து இழுத்து வந்து தொட்டியில் உட்கார வைத்தால் "கண்ணு எரியுது, கண்ணு எரியுது" என்று தெருவைக் கூட்டுவான். கண்ணில் சோப்புப் படாமல் நெற்றியில் என் கையை அணையாக வைத்துக்கொண்டுதான் ஊற்றுவேன்.

சரி, அதெல்லாம் இப்போது எதற்கு. வெட்டி முடித்துவிட்டு எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் முட்டிக்கு நான் அனுப்பிய தைலம் கேட்டதா?

தொண்ணூற்றொன்பது சதுரங்களும் சேர்ந்துவிட்டன. மேல்பக்கம் தயார். நீங்கள் போன மாதம் எழுதி அனுப்பிய மாதிரி அடித்துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் பஞ்சு விரிப்பைப் பரப்பி, அதன்மேல் இதைப் போட்டு, மூன்றையும் நீளநீளமாக ஓட்டித் தைத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். எழுந்து பார்த்தால் என் புடவையையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அதைப் பிரிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இப்போது சதுரம் சதுரமாக உள்தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். நடுவிரல் சல்லடை ஆகிவிட்டது.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? அவர் போன அன்றைக்கே உங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போன் பண்ணச் சொன்னேன். பண்ணினார்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்போது சொன்னார்கள்?

கேட்டது தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

கோணல்


ஜூலை 19

தம்பி மனைவிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

ஓரப்பட்டியை மூலைக்கு மூலை சாய்வாக வெட்டு. அப்போதுதான் மூலையில் வளைந்து கொடுக்கும். எல்லாம் முடிந்ததும் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவை. இங்கே என் மேஜைக்கு வரும் எந்தப் போர்வையையும் முதலில் தொட்டியில் முக்கித்தான் எடுப்பேன். ஈரத்தில்தான் தையலின் யோக்கியதை தெரியும்.

நீ கேட்ட இன்னொன்று. மறுநாள் ஷிப்டு முடிந்த பிறகு சொன்னார்கள். அவசர ஆர்டர் நடந்துகொண்டிருந்ததாம். கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதில் தம்பி இறந்தது, அடக்கம் முடிந்தது, இரண்டும் ஒரே வரியில் இருந்தது. அந்த ஒரே வரியைத்தான் என்னால் இன்னும் தாண்ட முடியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை முடிந்துவிட்டது. இன்று காலை பார்சலில் போட்டுவிட்டேன். அது உங்களுக்குத்தான். முதலிலிருந்தே உங்களுக்குத்தான்.

இந்தக் கடிதத்தை அதற்குள்ளேயே வைத்திருந்தேன். "பார்சலுக்குள்ள லெட்டர் வைக்கக் கூடாதும்மா, சட்டம். தனியா தபால் பெட்டியில போடுங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார் கவுண்டரில் இருந்தவர். அதனால் இதையும் சேர்த்துப் புதிதாக எழுதிப் பெட்டியில் போடுகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: அதைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். எல்லாச் சட்டையையும் துவைக்கவில்லை. அன்று காலை அவர் கருஞ்சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில்தான் பட்டறைக்குப் போனார். அங்கே அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த வேலைச் சட்டையோடுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆணியில் இருந்ததை அவருடைய கூட்டாளி இரண்டு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் சட்டைங்க" என்றவர், வாசலிலேயே நின்று அழுதார். அந்தப் பையை இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். தாங்க முடியாதபோது மட்டும் அவிழ்ப்பேன். ஸ்பிரிட்டும் அரக்குமாகப் பாலிஷ் வாசனை, தலையெண்ணெய், வியர்வை, அடியில் அவர். மாதத்துக்கு ஒருமுறைதான் அவிழ்த்தேன். தீர்ந்துவிடுமோ என்று பயம்.

நடுவில் இருக்கும் ஒன்பது சதுரங்களும் அந்தச் சட்டைதான். சுற்றி அவருடைய வெள்ளைச் சட்டைகள். இஸ்திரிகூடப் போடவில்லை. அங்கே முகத்தை வைத்துப் பாருங்கள் அக்கா. கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அக்கா வர்றவரைக்கும் வெச்சிருக்கலாம்மா, ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு பண்ணலாம்" என்று அந்தக் கூட்டாளி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். மற்றவர்கள் மேல் பழி போட்டுத் தப்பித்திருக்கலாம், இத்தனை நாள் அப்படித்தான் 'எடுத்துவிட்டோம்' என்று எழுதினேன். அது நான். அவர் முகம் நிமிடத்துக்கு நிமிடம் வேறு யாருடையதோ போல ஆகிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இன்னொரு பொழுது உட்கார முடியவில்லை. உங்களைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை. உங்களுக்குச் சேரவேண்டிய முகத்தை நான் கொடுக்கவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது இதுதான். இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கோணல்


ஆகஸ்ட் 17

என் அருமைக் கோணலுக்கு,

சுகம். நீ சுகமாக இருக்கிறாயா? நேற்று பார்சல் வந்தது. உள்ளே உறை ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இல்லை. எனக்கென்று அனுப்புகிறாய் என்று ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா? பிரித்துப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கருநீலக் கோடு போட்டது நான் வாங்கிக் கொடுத்தது. கழுத்துப் பிடிக்கிறது என்றானே, அது.

ஆனால் தையல் பார்க்கும்போது தாட்சண்யம் கிடையாது எனக்கு. உடனே தொட்டியில் போட்டேன். மூலைகள் சுத்தம். ஓரப்பட்டி பரவாயில்லை. நடுவில்தான் ஏமாற்றிவிட்டாய். அந்தச் சிவப்புக் கட்டத்தை நீ துவைக்கவே இல்லை, இல்லையா? சாயம் கொட்டிச் சுற்றியிருந்த வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. படித்துப் படித்துச் சொன்னேனே! சுடுதண்ணீர் ஊற்றியதும் குப்பென்று ஏதோ பாலிஷ் நெடி வேறு. பார்சல் வண்டியில் பக்கத்தில் எந்த டப்பாவை வைத்தார்களோ. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கசக்கி, அது சுத்தமாகப் போகும்வரை அலசினேன்.

கவலைப்படாதே. கறையை எடுக்க எங்களிடம் மருந்து இருக்கிறது. முதல் போர்வைக்கு இது மிக நல்ல வேலை. கோணல் என்ற பெயரை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

உன் அக்கா


ஆகஸ்ட் 23

கண்ணு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது.

முதல் கடிதத்தில் பதினான்கு சட்டை என்றாய். அடுத்ததில் கொடியில் பதின்மூன்று என்றாய். இருபத்தாறு வருடமாகப் பிழை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவள் நான். அதைக் கவனிக்கவில்லை.

தொட்டியில் தண்ணீர் ஊற்றியபோது ஒரு நிமிடம் அவன் இருந்தான். என் முகத்துக்கு நேராக இருந்தான். நான் அவனை ஏதோ டப்பா என்று நினைத்துச் சோப்புப் போட்டேன். இந்த எழுத்து கோணலாக இருந்தால் நீ சிரித்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, அது நிஜம். ஊர் முழுக்கச் சொன்னேன். அவனைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்று உன்னைப் பற்றித்தான் சொன்னேன். பார்க்க முடியாததைவிட ஒன்று எனக்கு உறுத்தல். கடைசியாக அவனைக் குளிப்பாட்டியிருப்பார்களே, யார் செய்தார்கள், நெற்றியில் கையை அணைவைத்து ஊற்றினார்களா, கண்ணில் பட்டிருக்குமோ என்று. பைத்தியக்காரத்தனம்தான். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நானே செய்திருக்கிறேன். யாரென்று தெரியாமல், முறைத்துக்கொண்டே செய்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ செய்தது தப்பா சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. இனிமேல் அதைக் கேட்க மாட்டேன்.

கறையை எடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. காலர் எதற்கும் ஆகாது, தூக்கிப் போடு என்று நான்தான் எழுதினேன். அந்தச் சட்டையின் காலரை வைத்திருக்கிறாயா? லீவு கேட்டிருக்கிறேன். ஆர்டர் முடிந்தால்தான் விடுவார்களாம், தேதி தெரியாது. கிடைத்ததும் புறப்பட்டு வருகிறேன்.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பழையதை முதலில் பிரித்தேன்.

காலர் இல்லை அக்கா. துவைக்கச் சொன்னதைக் கேட்கவில்லையே, இதையாவது கேட்போம் என்று, கைப்பட்டையும் காலரும் பொத்தான் பட்டையும் சேர்த்து அன்றைக்கே குப்பையில் போட்டேன். அந்தப் பிளாஸ்டிக் பையையும் கூடவே போட்டேன். நேற்று தையல் கூடை முழுவதையும் தரையில் கொட்டித் தேடினேன். ஒரு பொத்தான் கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். பொத்தானில் என்ன இருக்கும்.

அவரைக் குளிப்பாட்டியது அந்தக் கூட்டாளியும் நானும். நெற்றியில் கை வைத்தோமா என்று எனக்கு நினைவில்லை. வைத்தோம் என்று எழுத நினைத்தேன். உங்களிடம் இனி பொய் வேண்டாம்.

உங்களுக்காக முன்னறையைக் கழுவிவிட்டேன். படுக்கை விரித்திருக்கிறேன். வரும்போது அந்தப் போர்வையையும் எடுத்து வாருங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. ஆர்டர் முடியட்டும், லீவு கிடைக்கட்டும்.

எத்தனை நாள் ஆனாலும் இந்தத் தடவை காத்திருக்கிறேன்.

உங்கள் கோணல்